'அன்டில்' என்பதும் நம் 'வரை'யும் ஒன்றுதானா?

"அவர் வராத வரை நான் போக மாட்டேன்" என்பதை "ஐ வில் நாட் கோ அன்டில் ஹி டஸ் நாட் கம்" என்று எழுதினால் ஏன் தவறு, 'அன்டில்' என்றால் 'வரை' என்றுதானே பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'வரை'யில்தான் சிக்கலே இருக்கிறது.

"மழை பெய்யும் வரை காத்திருந்து விதைத்தார்கள்" என்னும்போது மழை தொடங்கும் கணம் எல்லையாக நிற்கிறது. "மழை பெய்கிற வரைக்கும் திண்ணையை விட்டு இறங்கவில்லை" என்னும்போதோ, மழை நீடித்த நேரம் முழுவதும் குறிக்கப்படுகிறது. தமிழில் ஒரே சொல் இரண்டு வேலைகளையும் செய்கிறது. எது எல்லை, எது நீடிப்பு என்பதைச் சூழலைக் கொண்டு நாம் தயக்கமின்றிப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் எல்லைக்கு 'அன்டில்', நீடிப்புக்கு 'ஆஸ் லாங் ஆஸ்' என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'வராத வரை' என்பது அவர் வராமல் இருக்கும் நேரம் முழுவதையும் குறிப்பது. 'அன்டில்' கேட்பதோ அந்த நேரம் முடியும் இடத்தை, அதாவது அவருடைய வருகையை. ஆகவே "அன்டில் ஹி கம்ஸ்" என்பதே சரி. வருகை இனிமேல்தான் நிகழும் என்றாலும் அங்கே 'வில்' சேர்ப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுப்பில் செல்லவிருந்த மேலாளருக்கு, "நான் இருக்கும் வரை நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று மனத்தில் நினைத்துக்கொண்டு, "அன்டில் ஐ ஆம் ஹியர், யூ நீட் நாட் வொரி" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். நான் வந்து சேரும் வரைதான் நிம்மதி, வந்த பிறகு கவலைதான் என்பது அதன் பொருள். "அப்படியானால் எந்தத் தேதியிலிருந்து கவலைப்படத் தொடங்கட்டும்?" என்று அவர் பதில் எழுதியிருந்தார். இன்றும் அச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது விரல் ஒரு கணம் நிற்கிறது.

அதன் தொடக்கத்திலுள்ள 'அன்' எதிர்மறை முன்னொட்டு அன்று. அதற்கும் 'வரை' என்றே பொருள் இருந்தது. 'டில்' என்பதும் 'அன்டில்' என்பதன் சுருக்கம் அன்று, அதைவிடப் பழைய சொல்.

கெடுவைச் சொல்லும்போதும் கவனம் தேவை. "வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையைக் கொடுங்கள்" என்பதற்கு 'பை ஃப்ரைடே' என்றுதான் எழுத வேண்டும். கொடுப்பது ஒருமுறை நடந்து முடிவது. வெள்ளி வரை கடை திறந்திருக்கும் என்பது தொடர்ந்து நீடிப்பது என்பதால் அங்கே 'அன்டில்' பொருந்தும்.

உங்கள் வாக்கியத்தை எழுதுவதற்கு முன், தமிழிலேயே அதை "அவர் வந்த பிறகுதான் போவேன்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'வராத' என்ற எதிர்மறை மறைந்து வருகை மட்டும் எஞ்சுகிறது; 'அன்டில்' என்பதற்குப் பின்னால் வர வேண்டியது அதுதான்.