சட்டம் கேளுங்கள்: அமீரகத்தில் வி.பி.என்.

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். இரவில் ஊருக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தால் மணி அடிக்கிறது. மனைவி எடுத்ததும் குரல் வராமல் இணைப்பு அப்படியே நின்றுவிடுகிறது. அறையில் இருப்பவர்கள் இலவச வி.பி.என். (நம் இணைய முகவரியை மறைத்து, வேறொரு கணினி வழியாக இணைப்பைக் கொண்டுபோகும் செயலி) ஒன்றைப் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். மாட்டினால் இருபது லட்சம் திர்ஹாம் என்று ஃபோர்மேன் பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஃபோர்மேன் சொன்ன தொகை சட்டத்தில் இருக்கிறது, அது எந்தக் குற்றத்துக்கு என்பதை அவர் சொல்லவில்லை. 2022 ஜனவரி 2 முதல் நடைமுறையில் உள்ள, வதந்திகளையும் இணையக் குற்றங்களையும் தடுப்பதற்கான 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் ஆணைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொய்யான இணைய முகவரியையோ பிறருடைய முகவரியையோ பயன்படுத்தித் தன் முகவரியை மறைக்கும் ஒருவர், ஒரு குற்றத்தைச் செய்யவோ அது வெளிப்படாமல் தடுக்கவோ அவ்வாறு மறைத்திருந்தால், அவருக்குச் சிறைத் தண்டனையோ, 5 லட்சத்துக்குக் குறையாமலும் 20 லட்சத்துக்கு மிகாமலும் திர்ஹாம் அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம் என்கிறது. ஆக, கைப்பேசியில் வி.பி.என். செயலி இருக்கிறது என்பது மட்டுமே இந்தப் பிரிவின்படி குற்றமாகிவிடாது; நோக்கம்தான் இதற்கு அச்சாணி.

அப்படியானால் மனைவியிடம் பேசுவது குற்ற நோக்கமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்பு உரிமத்துக்கு உட்பட்ட சேவை. எடிசலாட், டு ஆகிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஏற்பாட்டில் வரும் செயலிகளுக்கே அனுமதி உண்டு. தடையைத் தாண்ட உதவும் வழிகளையும் தடுக்க வேண்டியவற்றில் ஒன்றாகத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் கொள்கை வைத்திருக்கிறது. எனவே வி.பி.என். வழியாக வாட்ஸ்அப்பில் பேசுகிறவர், தெரிந்தே ஒரு தடையை மீறுகிறார். அதை 10ஆம் பிரிவுக்குள் கொண்டுவர முடியுமா என்பதை அரசு வழக்கறிஞரும் நீதிமன்றமும்தான் முடிவு செய்ய வேண்டும். விசாவும் வேலையும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும் நிலையில், அந்தக் கேள்விக்கு விடை காணும் வழக்கு உங்களுடையதாக இருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியைப் பயன்படுத்துங்கள். மனைவியின் கைப்பேசியிலும் அதையே நிறுவ வேண்டும். உங்கள் சிம்முக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இலவச வி.பி.என். பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: யார் நடத்துகிறார் என்றே தெரியாத ஒரு கணினி வழியாக உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் போய் வருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஊருக்குப் பணம் அனுப்பும் கைப்பேசியில் அதை வைத்திருக்க நான் துணிய மாட்டேன்.

கேள்வி: துபாயில் கணக்காளராக இருக்கிறேன். நிறுவனத்தின் மடிக்கணினியில் வி.பி.என். போட்டால்தான் சென்னை அலுவலகக் கோப்புகள் திறக்கின்றன. நானும் பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதே சர்ச்சை 2016இல் எழுந்தபோது, நிறுவனங்களும் வங்கிகளும் தங்கள் உள்வலையை அடைய வி.பி.என். பயன்படுத்துவதற்குத் தடை இல்லை என்று தொலைத்தொடர்பு ஆணையமே விளக்கம் அளித்தது. ஆனால் வேலை முடிந்ததும் அதே இணைப்பில் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசினால், அந்த விளக்கம் உங்களுக்குக் கைகொடுக்காது. மேலே வெல்டருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.