கூட்டலா, கழித்தலா? வெப்ப இயக்கவியலில் மாட்டிக்கொண்ட மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். நீட் எழுதப் போகிறேன். வெப்ப இயக்கவியல் கணக்குகள் பாதிவரை சரியாக வருகின்றன, கடைசியில் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பித் தப்பாகிவிடுகிறது. வேதியியல் புத்தகத்தில் ஒரு சூத்திரம், இயற்பியல் புத்தகத்தில் வேறொரு சூத்திரம். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் ரூ.15,000 கட்டினால் ‘கண்டிப்பாக வரும்’ கேள்விகளும் சுருக்குவழித் தாளும் தருவதாகச் சொல்கிறார். அப்பா கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறார். சேரலாமா சார்?

பதில்: கடன் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடும்மா. உன் குழப்பம் உன் மந்தத்தால் வந்தது இல்லை. அதைத் தீர்க்க ஒரு மாலை நேரம் போதும்.

அக ஆற்றல் என்பது வாயுவுக்குள் இருக்கும் ஆற்றல். வேதியியல் புத்தகம் ‘அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் + வேலை’ என்கிறது. இயற்பியல் புத்தகம் ‘அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் − வேலை’ என்கிறது. இரண்டும் சரி. ‘வேலை’ என்று அவை குறிப்பதுதான் வேறு. வேதியியலில் வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. இயற்பியலில் வாயு செய்த வேலை. நீராவி எந்திரத்தை வைத்து இந்த இயலை வளர்த்தவர்களுக்கு எந்திரம் வெளியே தரும் வேலைதான் முக்கியம், அதனால் அதை நேர்க்குறியாக வைத்தார்கள். வேதியியலாரோ அமைப்பை ஒரு சேமிப்புக் கணக்குபோலப் பார்க்கிறார்கள்: உள்ளே வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல்.

ஒரு கணக்கு போட்டுப் பார். 1 வளிமண்டல அழுத்தத்தை எதிர்த்து ஒரு வாயு 1 லிட்டரிலிருந்து 6 லிட்டருக்கு விரிகிறது. 800 ஜூல் வெப்பத்தை உட்கவர்கிறது. வேலையின் அளவு அழுத்தம் × பருமன் மாற்றம், அதாவது 1 × 5 = 5 லிட்டர்-வளிமண்டலம். அது 506.5 ஜூல். வேதியியல் வழியில் வேலை −506.5, ஆகவே 800 + (−506.5) = 293.5 ஜூல். இயற்பியல் வழியில் வேலை +506.5, ஆகவே 800 − 506.5 = அதே 293.5. இயற்பியலின் வேலையை எடுத்து வேதியியல் சூத்திரத்தில் போட்டால் 1,306.5 வரும். அந்த எண்ணும் நான்கு விடைகளில் ஒன்றாக இருக்கும், அதனால் தப்பு என்றே உனக்குத் தோன்றாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. ஒரு குறி மாறினால் 5 மதிப்பெண் போகிறது.

சூத்திரத்தைத் தொடுமுன் இரண்டு வரி எழுது. வெப்பம் உள்ளே வந்ததா, வெளியே போனதா? வாயு விரிந்ததா, சுருங்கியதா? வேதியியல் கேள்விக்கு வேதியியல் சூத்திரம் மட்டும், இயற்பியல் கேள்விக்கு இயற்பியல் சூத்திரம் மட்டும்.

ஒரே கல்வித் துறை, ஒரே வகுப்பு, ஒரே மாணவி கையில் கொடுக்கும் இரண்டு புத்தகங்கள். ‘அந்தப் புத்தகத்தில் குறி மாறி இருக்கும், பயப்படாதே’ என்று கட்டம் கட்டி இரண்டு வரி போட என்ன தடை? தேசிய அளவிலான என்சிஇஆர்டி புத்தகங்களிலும் இதே கதைதான். அந்த இரண்டு வரி இல்லாத இடத்தில்தான் உன் ஊர் அண்ணன் கடை விரிக்கிறார். போதாக்குறைக்குப் பல பள்ளிகள் வெப்ப இயக்கவியல் வரும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் பன்னிரண்டுக்குத் தாவின. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். தேர்வைக் கொண்டுவந்தவர்கள் பாடம் புரிகிறதா என்று பார்க்கவில்லை.

சுருக்குவழித் தாள்களில் ‘விரிந்தால் மைனஸ்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அது கவிழ்த்துவிடும் இடம் ஒன்று உண்டு, அதைப் பொறுமையாகக் கேள். வாயு வெற்றிடத்துக்குள் விரிந்தால் வேலை பூஜ்ஜியம். எதிர்த்து நிற்கும் வெளி அழுத்தமே இல்லை, எதைத் தள்ளி வேலை செய்யும்? கலம் வெப்பம் கடத்தாததாக இருந்தால் வெப்பமும் பூஜ்ஜியம், அக ஆற்றல் மாற்றமும் பூஜ்ஜியம். இதுவரை பலரும் சரியாக வந்துவிடுவார்கள். அடுத்து ‘வெப்பம் பூஜ்ஜியம், ஆகவே என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றமும் பூஜ்ஜியம்’ என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்து என்ட்ரோபி மாற்றம் காணும் சூத்திரம் மீள் செயல்முறைக்கு, அதாவது வந்த வழியே அப்படியே திரும்பக்கூடியதற்கு, மட்டுமே பொருந்தும். வெற்றிடத்தில் விரிவது மீளாச் செயல்முறை. ஆனால் என்ட்ரோபி ஒரு நிலைச்சார்பு, தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும். அதனால் அதே இரண்டு நிலைகளுக்கு இடையே ஒரு மீள் பாதையைக் கற்பனை செய்து கணக்கிடு. ஒரு மோல் நல்லியல்பு வாயு இரு மடங்கு பருமனுக்கு விரிந்தால் 2.303 × 8.314 × 0.301, அதாவது கெல்வினுக்குச் சுமார் 5.76 ஜூல் அதிகரிக்கும். சூழலில் மாற்றம் ஏதும் இல்லை. மொத்த என்ட்ரோபி கூடுகிறது, அதனால்தான் அது தன்னிச்சையாக நடக்கிறது. கேள்வியில் ‘வெற்றிடம்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதல் வாசிப்பிலேயே தேடு. மிகக் குறைந்த அழுத்தம் என்று இருந்தாலும் அது வெற்றிடம் ஆகாது, வேலை உண்டு.

கிப்ஸ் ஆற்றல் கணக்கில் அலகுதான் வில்லன். என்தால்பி மாற்றத்திலிருந்து (மாறா அழுத்தத்தில் பரிமாறும் வெப்பம்) வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் என்தால்பி கிலோ ஜூலில் வரும், என்ட்ரோபி ஜூலில் வரும். பனிக்கட்டி உருக மோலுக்கு 6.01 கிலோ ஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 22 ஜூல். அதை உருகும் வெப்பநிலையான 273 கெல்வினால் பெருக்கினால் 6,006 ஜூல், அதாவது 6.01 கிலோ ஜூல். கழித்தால் பூஜ்ஜியம், உருகுநிலையில் அப்படித்தான் இருக்க வேண்டும். அலகை மாற்ற மறந்தால் −6,000 கிலோ ஜூல் வரும். ஒரு மோல் மீத்தேனை எரித்தாலே கிடைப்பது சுமார் 890தான்!

உருவாதல் என்தால்பி தந்தால் விளைபொருளிலிருந்து வினைபொருளைக் கழி. பிணைப்பு ஆற்றலோ எரிதல் என்தால்பியோ தந்தால் தலைகீழாகக் கழி.

இனி அந்த ரூ.15,000. கண்டிப்பாக வரும் கேள்வி எது என்று யாருக்கும் தெரியாது. 2025 நீட் தேர்வுக்கு முன்னால் வினாத்தாள் கசிந்ததாகப் பொய் பரப்பிய 106 டெலிகிராம் சேனல்களையும் 16 இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையே கண்டறிந்தது. முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் அந்த முகமையின் தளத்தில் இலவசம். பாடநூலும் இலவசமாகத் தரவிறக்கலாம். இவற்றிலிருந்து வெட்டி ஒட்டியதைத்தான் பலர் விற்கிறார்கள். ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று பயிற்சி மையத்திடம் கமிஷனும் வாங்குவார்கள்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ‘இந்தப் பள்ளியை விட்டு எங்கள் தனியார் விடுதிப் பள்ளிக்கு வந்துவிடு, நீட்டும் சேர்த்துச் சொல்லித் தருகிறோம்’ என்பார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் மாறினால் அந்த இடம் கைவிட்டுப் போகும். தரகர் இதை உன் அப்பாவிடம் சொல்ல மாட்டார்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசே நீட் பயிற்சி நடத்திவருகிறது. உங்கள் பகுதியில் எங்கே, எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் கேள். தெளிவான பதில் வராவிட்டால் அப்பா கையெழுத்தோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் கேட்டு வாங்கி வை.