வருடச் சாமானில் எதை வாங்கி வைக்கலாம்?

வணக்கம் சகோதரி. விலை ஏறுமுன் நாலு பேருக்கு ஒரு வருடச் சாமான் வாங்கிப் போடலாமா, போன தடவை துவரம்பருப்பில் வண்டு விழுந்துவிட்டதே என்று கேட்டிருந்தீர்கள்.

எல்லாவற்றையும் வேண்டாம். புளியும் வற்றல் மிளகாயும் மாசி, பங்குனியில் புதுசு வரும். அப்போது வருடத்துக்கே வாங்கலாம். புளியைக் கொட்டை, நார் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அழுத்தி வையுங்கள். நாளாக ஆகக் கறுக்கும். கெட்டுவிட்டதென்று பயந்து கொட்டிவிடாதீர்கள்.

துவரம்பருப்பு மூன்று மாதத்துக்குப் போதும். வண்டு பெரும்பாலும் முட்டையாகக் கடையிலிருந்தே வந்துவிடும். அதனால் வாங்கியதும் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, பூசணம் பிடிக்கும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் பிசறி வைத்தால் இன்னும் பத்திரம். சமைக்கும் முன் நன்றாகக் கழுவினால் சரி.

எண்ணெய், ரவை, கோதுமை மாவு மாதாமாதம்தான். செக்கு எண்ணெயில் சீக்கிரமே சிக்கு வாடை வரும். துணி சோப்பைத் தாராளமாக வாங்குங்கள். காய்ந்த கட்டி மெதுவாகத்தான் கரையும்.

அப்புறம், இதற்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள். இந்த மாதம் கையில் மிஞ்சும் பணத்துக்குப் புளி மட்டும் வாங்கினால்கூடப் போதும்.