பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. சென்சார் பழுதை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

சென்சார்தான் என்று யார் சொன்னது? ஒர்க்‌ஷாப்பிலா? அப்படியானால் கொஞ்சம் பொறுங்கள், அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

என்னுடையது 2002ஆம் வருடத்துப் போர்ஷ் பாக்ஸ்டர். "போர்ஷ் வைத்திருப்பவருக்குச் செலவு செய்ய வலிக்கிறதா" என்று கமென்ட் போடக் காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். நான் கொடுத்த விலை, என் தம்பி சேலத்தில் புதிதாக எடுத்த சின்னக் காரின் விலையைவிடக் குறைவு. கிடைத்த விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கையைக் கறுப்பாக்கிக்கொள்ளும் ஆள்.

ஒரு சனிக்கிழமை ஃபிளாஸ்க்கைத் திறக்கும்போது காப்பி முழுவதும் ஓட்டுநர் சீட்டுக்கும் நடுக் கன்சோலுக்கும் இடையில் கொட்டிவிட்டது. சர்க்கரை தூக்கலான காப்பி. எறும்பு வராத ஊர்தான், ஆனாலும் நாற்றம் வருமே என்று மறுநாள் சீட்டைக் கழற்றினேன். அடியில் இருந்த கனெக்டரையும் பிடுங்கினேன். பேட்டரியைக் கழற்றவில்லை. பாதி வேலையில் தூறல் விழ, கண்ணாடியை ஏற்றுவதற்காகச் சாவியைத் திருப்பினேன். அவ்வளவுதான். சீட் பெல்ட்டை மாட்டும் பக்கிளின் இணைப்பைக் காணோம் என்று ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், அதாவது ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி, அந்தக் கணமே பதிவு செய்துகொண்டது. சீட்டை மாட்டிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அந்தப் பதிவு அழியாது.

கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி ஆய்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஏர்பேக் விளக்கு எரிந்தால் அது 'மேஜர்' குறை, அதாவது ஃபெயில். பதறிப்போய் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சீட்டைக் கழற்றியதை அவர்களிடம் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன. மாலையில் போன் வந்தது: "சென்சார் போய்விட்டது, கன்ட்ரோல் யூனிட்டோடு மாற்ற வேண்டும், 680 பவுண்டு, கூலி தனி." எந்தச் சென்சார் என்று கேட்டேன். "ஏர்பேக் சென்சார்" என்றார்கள். எல்லா ஒர்க்‌ஷாப்பும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மோதலை உணரும் சென்சார், பெல்ட் பக்கிளுக்குள் இருக்கும் ஸ்விட்ச், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் ரிப்பன் கேபிள், கனெக்டர், இறங்கிப்போன பேட்டரி, எதற்கும் எரிவது அந்த ஒரே சிவப்பு விளக்குதான். எது என்று சொல்லாமல் 'சென்சார்' என்று மட்டும் சொன்னால், பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஊரில் அப்பாவின் அம்பாசிடருக்கு ஓர் எலக்ட்ரீஷியன் வருவார். கையில் ஒரு டெஸ்ட் லைட், வயரில் கரண்ட் வந்தால் எரியும் சின்ன விளக்கு. வயர் வயராகக் குத்திப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கோளாறைப் பிடித்துவிடுவார். அதே பழக்கத்தில் நானும் டெஸ்ட் லைட்டைத் தேடினேன். நல்லவேளை, கிடைக்கவில்லை. தயவுசெய்து ஏர்பேக் வயரில் அதைச் செய்யாதீர்கள். ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் திரிக்குச் சின்ன மின்னோட்டமே போதும். டெஸ்ட் லைட் மட்டுமல்ல, மல்டிமீட்டரையும் ஏர்பேக்கில் நேரடியாக வைக்கக் கூடாது. பொதுவாக அந்த வயர்களும் கனெக்டர்களும் மஞ்சளாக இருக்கும். மஞ்சளைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் 15 பவுண்டுக்கு ஓர் ஓபிடி ரீடர் (காரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) வாங்கினேன். வீண். அது எஞ்சினை மட்டும்தான் படிக்கும், ஏர்பேக் யூனிட்டோடு பேசாது. கடைசியில் கூட வேலை செய்பவர் ஒருவர் இந்தக் காருக்கு ஏற்ற சாஃப்ட்வேரோடு லேப்டாப் கொண்டுவந்தார். பார்த்தால் 'ஓட்டுநர் பக்கப் பெல்ட் பக்கிள்'. அழித்தார், விளக்கு அணைந்தது. அவருக்குப் பிரியாணி போட்டு அனுப்பினேன்.

பத்து நாளில் மறுபடியும் எரிந்தது. அதே பதிவு. இந்த முறை உண்மையிலேயே பக்கிள்தான்: காப்பி உள்ளே இறங்கி, பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று சொல்லும் குட்டி ஸ்விட்ச் சர்க்கரையில் ஒட்டிக்கொண்டது. அது வெறும் ஸ்விட்ச் என்பதால் தனியே கழற்றிய பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன். பெல்ட்டை மாட்டினாலும் கழற்றினாலும் முள் அசையவில்லை. (சில கார்களில் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்தே பக்கிளோடு சேர்ந்திருக்கும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்.) பக்கிள் 60 பவுண்டுக்குக் கிடைத்தது.

இந்த முறை ஒழுங்காகப் பேட்டரியைக் கழற்றி, அரை மணி நேரம் காத்திருந்துதான் தொட்டேன். யூனிட்டுக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். பேட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருக்கிறது. திறந்து கிடந்த மூடியை என் மகள் பொறுப்பாக வந்து சாத்திவிட்டுப் போனாள். என் காரில் அந்த மூடி கரண்டில்தான் திறக்கும்! ஃபியூஸ் பெட்டியில் இதற்கென்றே இருக்கும் முனையை வெளியே இழுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துத் திறந்தேன்.

கனெக்டர் தளர்ந்தாலும் இந்த விளக்கு எரியும். அது தளர்வதற்கு இங்குள்ள சாலைகளும் ஒரு காரணம். நம்மூர் ரோட்டைக் கிண்டல் செய்த வாய்க்கு நன்றாக வேண்டும். இவ்வளவு தாழ்வான காரை ஒரு பள்ளத்தில் இறக்கி ரிம் வளைந்தது. சாலையைப் பராமரிக்கும் உள்ளூர்க் கவுன்சிலுக்கு நஷ்டஈடு கேட்டு எழுதினேன். அந்தப் பள்ளம் தங்கள் பதிவேட்டில் இல்லை என்று நாலு மாதம் கழித்துக் கவுன்சில் பதில் போட்டது. பள்ளம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏர்பேக்குக்குப் பதில் இரண்டு ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அணையும், ஆனால் மோதும்போது விரிய ஏர்பேக் இருக்காது. முதலில் ஏர்பேக் யூனிட்டைப் படிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் பதிவைப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பதற்கு மட்டும் காசு கொடுங்கள். சமீபத்தில் சீட்டைக் கழற்றினீர்களா, ஏதாவது கொட்டியதா என்று யோசித்துப் பாருங்கள். கொட்டியிருந்தால், என்னைப்போல மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஹார்ன் அடிக்கிறதா என்றும் பார்த்துக் கமென்டில் எழுதுங்கள். ஹார்னும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால், சீட்டை விட்டுவிட்டு ஸ்டியரிங் ரிப்பன் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்; ஹார்னுக்கான இணைப்பும் அதன் வழியாகத்தான் போகிறது.