வாசகர் கேள்விகள்: ஒரு சந்து, ஒரு நூற்றாண்டு

கேள்வி: எடிசன் பள்ளிக்கூடம் பக்கமே அதிகம் போனதில்லை. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அப்படியிருக்க, விஞ்ஞான முன்னேற்றத்துக்குப் பல்கலைக்கழகங்கள்தான் காரணம் என்பது பேராசிரியர்களின் சுயதம்பட்டம் இல்லையா?
(தென்காசியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பாதி சுயதம்பட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வக்காலத்து வாங்க என்னால் ஆகாது, ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேம்பிரிட்ஜில் ஃப்ரீ ஸ்கூல் லேன் என்று ஒரு சந்து இருக்கிறது. 1874-ல் அங்கே கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் திறந்தார்கள், மேக்ஸ்வெல்தான் அதற்கு முதல் பேராசிரியர். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டது அங்கேதான். 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார், அதே வருஷம் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவை உடைத்தார்கள். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வுக்குத் தகட்டிலும் கம்பியிலும் மாதிரி கட்டி நிறுத்தியதும் அதே இடம்.

ஆனால் என்னைக் கேட்டால், இதையெல்லாம்விடப் பெரிய வேலை 1895-ல் நடந்தது, அது வெறும் அலுவலகக் காகிதம். வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் வரலாம், இரண்டு வருஷம் தங்கி ஆராய்ச்சி செய்து கட்டுரை கொடுத்தால் பட்டம் தருவோம் என்று விதியை மாற்றினார்கள். அந்த வருஷமே நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தார், பின்னால் அணுக்கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்ட். இன்னொரு விஷயம், தாம்சனுக்குக் கைவேலை சுத்தமாக வராது. எலெக்ட்ரான் சோதனைக்கான கண்ணாடிக் குழாய்களை ஊதி, வளைத்து, காற்றை வெளியேற்றித் தயார் செய்தது எவரெட் என்ற உதவியாளர். பேராசிரியர் கருவிக்குப் பக்கத்தில் வந்தாலே சுற்றியிருப்பவர்களுக்குப் பதற்றம்! கணக்குப் போடத் தெரிந்தவர், கண்ணாடி ஊதத் தெரிந்தவர், ஏழு கடல் தாண்டி வந்த ஒரு பையன், இந்த மூன்று பேரையும் ஒரே கூரையின் கீழே வைத்துச் சோறு போட ஒரு நிறுவனம் வேண்டுமே. எடிசனிடமும் ஆட்கள் இருந்தார்கள்தான், ஆனால் அங்கே கடைசியில் விற்கிற பொருளாக ஏதாவது வந்தாக வேண்டும். 1897-ல் எலெக்ட்ரானை யாரிடம் கொண்டுபோய் விற்பது?

கேள்வி: எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையிலேயே தேறாத ராமானுஜனுக்கு கேம்பிரிட்ஜ் எப்படிப் பட்டம் கொடுத்தது? ஹார்டி சிபாரிசா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் ஊர்க்காரர் விஷயம், ஜாக்கிரதையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டியின் கை இல்லாமல் எதுவும் நடந்திருக்காது, சரி. ஆனால் ஹார்டி நுழைப்பதற்கும் ஒரு கதவு வேண்டும் இல்லையா? மேலே சொன்ன அந்த ஆராய்ச்சிப் பட்டம்தான் அந்தக் கதவு. அதற்கும்கூட முறையான தகுதி அவரிடம் இல்லை, விதிவிலக்கு கொடுத்துத்தான் 1914-ல் சேர்த்தார்கள். 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. கிடைத்தது. பி.எச்டி. என்ற பெயர் கேம்பிரிட்ஜுக்கு வந்ததே அதற்குச் சில வருஷம் கழித்துத்தான்.

உடனே அந்த ஊரைக் கோயிலாக்கிவிட வேண்டாம். 1930-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியை முடித்துவிட்டுப் போன சந்திரசேகர், கப்பலிலேயே ஒரு கணக்குப் போட்டார். வெள்ளைக் குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம், ஓர் அளவு எடைக்கு மேல் (இன்றைய கணக்கில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு) போனால் தாக்குப்பிடிக்காது என்பது அதன் சாரம். 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த வானியல் சங்கக் கூட்டத்தில் அதை அவர் வாசித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அதே கேம்பிரிட்ஜின் பெரிய வானியலாளர் எடிங்டன், அத்தனை பேர் நடுவிலும் அதைக் கேலிக்கூத்தாக்கிவிட்டு உட்கார்ந்தார். சந்திரசேகர் அமெரிக்கா போய் வேறு துறைகளில் இறங்கினார். நோபல் வந்தது 1983-ல். கூப்பிட்டு உட்கார வைத்ததும் அதே ஊர், சிரித்து அனுப்பியதும் அதே ஊர்.

கேள்வி: அணு, நட்சத்திரம் எல்லாம் சரி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் செய்ததுதானே? அதிலுமா பல்கலைக்கழகம்?
(கோவையிலிருந்து ஒரு வாசகர், ஐ.டி. ஊழியராம்)

பதில்: கோபம் வேண்டாம். எட்சாக் என்று ஒரு மெஷின், மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கேம்பிரிட்ஜ் கணித ஆய்வகம் கட்டியது. கிட்டத்தட்ட 3,000 வெற்றிடக் குழாய் வால்வுகள், நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்கள். 1949 மே 6-ந்தேதி முதன்முதலில் ஓடியபோது அது போட்ட கணக்கு என்ன தெரியுமா? எண்களின் வர்க்கப் பட்டியல். நம் எட்டாம் வகுப்புப் பையன் வாய்ப்பாட்டிலிருந்து ஒப்பித்துவிடுவான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. மெஷினைப் பூட்டி வைத்துப் பூஜை செய்யாமல், போட வேண்டிய கணக்கு கையில் இருக்கிற யாரும் வரலாம் என்று பல்கலைக்கழகத்துக்கே திறந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துத் துறைகளிலிருந்து ஆட்கள் கணக்கைத் துளைகளாகப் பதித்த காகித நாடாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மயோகுளோபின் புரதத்தின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த கெண்ட்ரூ அந்த மெஷினில்தான் எக்ஸ்ரே கணக்குகளைப் போட்டார், ரேடியோ வானியல்காரர் ரைலும் அப்படியே. இரண்டு பேருக்கும் பின்னால் நோபல். நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்த்த ஹக்ஸ்லிக்குத்தான் அதிர்ஷ்டம் இல்லை, அவருக்கு வேண்டிய நேரத்தில் எட்சாக் மாதக்கணக்கில் ஓடவில்லை, மனிதர் கையால் சுற்றுகிற கணக்கு மெஷினை வைத்தே சுற்றிச் சுற்றி முடித்தார். அவருக்கும் நோபல், அது வேறு விஷயம்!

கம்பெனி என்று கேட்டீர்களே, அதுவும் உண்டு. லயன்ஸ் என்ற டீக்கடை நிறுவனம், ஆமாம், டீயும் கேக்கும் விற்கிறவர்கள், எட்சாக்குக்குப் பணமும் ஓர் ஆளும் கொடுத்து உதவிவிட்டு, அதைப் பார்த்துத் தங்களுக்கென்று லியோ என்ற மெஷினைக் கட்டிக்கொண்டார்கள். 1951-ல் அலுவலகக் கணக்கையே கம்ப்யூட்டரில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, உங்கள் துறைக்குத் தாய்வீடு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு டீக்கடையும்.

கேள்வி: பலன் இல்லாத ஆராய்ச்சிக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு?
(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எத்தனை வருஷத்தில் பலன் வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. வியன்னாவிலிருந்து 1936-ல் கேம்பிரிட்ஜ் வந்த மாக்ஸ் பெரூட்ஸ், அடுத்த வருஷம் ஹீமோகுளோபினைக் கையில் எடுத்தார். அதன் வடிவம் தெரிந்தது 1959-ல், 22 வருஷம். நடுவில் போர் வந்தது, எதிரி நாட்டவர் என்று அவரைச் சிறைமுகாமில் அடைத்து கனடா வரைக்கும் அனுப்பினார்கள், திரும்பி வந்து மறுபடி அதே ஹீமோகுளோபின் படிகத்தைப் பார்த்தார். எந்தக் கம்பெனி மேலாளர் இதற்கு 22 தடவை சம்பள உயர்வு போடுவார், சொல்லுங்கள்.

கேள்வி: போன இதழில் இதே கேம்பிரிட்ஜைப் பற்றி நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாமே ஆண்கள். பெண்கள் அங்கே என்ன, டீ போட்டுக்கொண்டிருந்தார்களா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: குட்டு சரியான இடத்தில் விழுந்தது. எலெக்ட்ரான் கண்டுபிடித்த அதே 1897-ல்தான் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று கேம்பிரிட்ஜில் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தவர்கள் சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் போல ஒரு கொடும்பாவி செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். தீர்மானம் தோற்றது. பெண்கள் வகுப்புக்குப் போகலாம், பரீட்சை எழுதலாம், ஆண்களைவிட அதிக மார்க்கும் வாங்கலாம், பட்டம் மட்டும் கிடையாது. இது மாறியது 1948-ல். அணுவை உடைத்துப் பதினாறு வருஷம் கழித்து!

அதற்குப் பிறகும் பாருங்கள். 1967-ல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, நாலரை ஏக்கரில் கம்பம் நட்டு, வயர் இழுத்து, மற்றவர்களோடு சேர்ந்து தானே கட்டிய ரேடியோ தொலைநோக்கியில் தினமும் கிட்டத்தட்ட நூறு அடி காகிதத்தில் வரும் கோடுகளைக் கண்ணாலேயே பார்த்து வந்தார். அதில் ஒரு சின்னக் கிறுக்கல் பொருந்தவில்லை. விடாமல் துரத்தினார். 1.3 வினாடிக்கு ஒருமுறை துடிக்கிற நட்சத்திரம், முதல் பல்சர். 1974-ல் அதற்கான நோபல் அவருடைய வழிகாட்டி ஹூவிஷுக்குப் போனது, ரைலும் பங்குபோட்டுக்கொண்டார், மாணவி பெயர் இல்லை. 2018-ல் வேறொரு பரிசாக 30 லட்சம் டாலர் வந்தபோது, வாய்ப்புக் கிடைக்காத பிரிவினர் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வர உதவித்தொகையாக முழுவதையும் கொடுத்துவிட்டார் அந்த அம்மா.

கேள்வி: இத்தனை மூளைகள் ஒரே இடத்தில் இருந்தும் வெட்டி வேலை ஒன்றுகூடவா செய்யவில்லை?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: செய்யாமலா! 1991-ல் அங்கே கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் காபி ஜாடி ஒரே ஓர் அறையில்தான் இருந்தது. தள்ளியிருந்த அறைக்காரர்கள் எழுந்து போய்க் காலி ஜாடியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. ஜாடிக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, படம் அவரவர் திரையில் தெரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளை, 128-க்கு 128 புள்ளி. 1993-ல் அதை இணையத்திலும் ஏற்றிவிட, உலகமே உட்கார்ந்து அந்த ஜாடியை வேடிக்கை பார்த்தது. முதல் வெப்கேம் அதுதான் என்கிறார்கள். 2001-ல் ஆய்வகம் வேறு இடத்துக்கு மாறியபோது நிறுத்தினார்கள், மெஷின் 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது. அதுவும் ஃபில்டர் காபி மெஷின்தான், ஆனால் நம்ம ஊர் டிகாஷனை நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.