நண்பரைப் போட்டியிலிருந்து வெளியேற்றினேன், தவறா?

கேள்வி: எங்கள் கிளப்பில் ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) விதிப்படி துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. நான் ரேஞ்ச் ஆபீசர், அதாவது சுடுபவரைப் பக்கத்திலிருந்து கண்காணிக்கும் நடுவர். இருபது வருட நண்பர் ஒருவர் மேகசின் (தோட்டாக்கள் அடுக்கிய உறை) மாற்றும்போது துப்பாக்கி வெடித்துவிட்டது. குண்டு எதிரே இருந்த மண்மேட்டில்தான் பாய்ந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் தகுதி நீக்கம் செய்தேன். 'துப்பாக்கியில் கோளாறு' என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது அவர் மகன் எடுத்த வீடியோவைக் காட்டி எல்லோரிடமும் நியாயம் கேட்கிறார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமோ?
- பெயர் வேண்டாம், பெரம்பூர், சென்னை

பதில்: விட்டுக்கொடுக்க இது என்ன வாடகை பாக்கியா? தோட்டா ஏற்றும்போதோ, மாற்றும்போதோ, இறக்கும்போதோ வெடித்தால் அன்றைய போட்டி முழுவதும் முடிந்தது என்பது விதி. அடிபட்டதா என்று அது கேட்பதே இல்லை. குண்டு மண்மேட்டில் பாய்ந்ததென்றால், குழல்முனையைச் சரியான திசையில் வைத்திருந்தார் என்று பொருள். அதற்காக அவரைப் பாராட்டுங்கள். ஆனால் மேகசின் மாற்றும் அந்த ஓரிரு விநாடியில் ஆள்காட்டி விரல் விசைக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் மேகசினை விடுவிக்கும், வியர்வையில் வழுக்கும் பொத்தானைக் கட்டைவிரல் அழுத்தும்போது கை முழுவதும் இறுகும். விசைமேல் இருக்கும் விரலும் கூடவே இறுகும்.

நானும் ஒருமுறை வெளியேற்றப்பட்டவன்தான். சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து காட்டும்போது, மேகசினைக் கழற்றும் முன்பே ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்துவிட்டேன். ஒரு தோட்டா வெளியே விழுந்தது. அடுத்தது குழலின் அறைக்குள், சுடத் தயாராக, ஏறியது. பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, காலிதான் என்று விசையை அழுத்தினேன். அன்று சுட்ட அத்தனை குண்டுகளையும்விட அந்த ஒன்றுதான் பெரிதாகக் கேட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஆபீசரைத்தான் திட்டினேன். உங்கள் நண்பரும் இப்போது அந்த வழியில்தான் இருக்கிறார்.

கோளாறு என்ற வாதத்துக்கு விதியில் உண்மையிலேயே இடமுண்டு. உடைந்த அல்லது பழுதான பாகத்தால்தான் வெடித்தது என்று நிரூபணமானால் தகுதி நீக்கம் கிடையாது. அந்தச் சுற்றுக்கு மட்டும் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரும் முன் துப்பாக்கியைச் சோதனைக்குக் கொடுத்திருக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு கிளம்பியதோடு அந்தக் கதவை அவரே சாத்திவிட்டார். (அப்போதே 'ரேஞ்ச் மாஸ்டரிடம் காட்டுங்கள்' என்று, அதாவது உங்களுக்கு மேலே இருக்கும் அதிகாரியிடம் காட்டும்படி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லை என்றால் உங்கள்மேல் எனக்கு வருத்தம்தான்.)

வீடியோ? சேப்பாக்கத்தில் மூன்றாவது நடுவருக்கு அது உதவும். இங்கே மேல்முறையீட்டுக் குழு ஒலி, ஒளிப் பதிவுகளைச் சாட்சியாக ஏற்பதில்லை. விசேஷ சூழ்நிலை ஏதும் இருந்ததா என்று மட்டுமே அது பார்க்கும். நடந்ததாக நீங்கள் சொன்ன தவறு நடந்ததா என்பதை யாரும் எதிர்க்க முடியாது. அதனால் ஒன்று கேட்கிறேன்: வெடித்த நொடியில் உங்கள் கண் அவர் கையில் இருந்ததா, இலக்கில் இருந்ததா? மாற்றத் தொடங்கும் முன் இலக்கை நோக்கிச் சுட்ட கடைசிக் குண்டாக அது இருக்க வாய்ப்பு உண்டா? கையைத்தான் பார்த்தேன், மேகசின் பாதி வெளியே வந்திருந்தது என்றால், நிம்மதியாகத் தூங்குங்கள். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் நீங்கள்தான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எப்படியிருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். விதியைப் பற்றிப் பேச வேண்டாம். துப்பாக்கியில் கோளாறு என்கிறாரே, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் சேர்ந்தே போய்க் காட்டலாம் என்று கூப்பிடுங்கள். கிளம்பும் முன் மேகசினைக் கழற்றிவிட்டு, அதற்கப்புறம் ஸ்லைடை இழுக்கச் சொல்லுங்கள்.