ரெசிபி ஒன்றுதான், துணி மட்டும் ஏன் மாறுகிறது?

கேள்வி: காட்டன் துணிக்குப் பேடிங் மாங்கிளில் (துணியைத் தொட்டிக் கரைசலில் முக்கி, ரோலர்களுக்கு நடுவே பிழியும் இயந்திரம்) லிட்டருக்கு 30 கிராம் கேட்டயானிக் சாஃப்ட்னர் (துணியை மெத்தென்று ஆக்கும் ரசாயனம்) போடுகிறோம். ஒரு லாட் மெத்தென்று வருகிறது, அடுத்தது முரடாக இருக்கிறது. அளவைக் கூட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கூட்டாதீர்கள். முதலில் தராசை எடுங்கள். 30 கிராம் என்பது தொட்டியின் கணக்கு. துணியில் எவ்வளவு ஏறியது என்பதைப் பிக்கப்தான், அதாவது உலர்ந்த துணியின் எடையில் எத்தனை சதவீதம் கரைசலை அது எடுத்துக்கொண்டது என்பதுதான் சொல்லும். 100 கிராம் உலர்ந்த துணியை மாங்கிளில் விட்டு, வெளியே வந்ததும் எடை போடுங்கள். 170 கிராம் இருந்தால் பிக்கப் 70 சதவீதம். அப்படியென்றால் ஒரு கிலோ துணிக்குச் சுமார் 21 கிராம் சாஃப்ட்னர் ஏறியிருக்கிறது. அடுத்த லாட் 160தான் காட்டினால் 18 கிராம்தான். ஏழில் ஒரு பங்கு போய்விட்டது.

ரோலர் அழுத்தமும் வேகமும் மாறவில்லையா? சரி, அப்படியானால் துணியின் உறிஞ்சும் தன்மையைத்தான் சந்தேகப்பட வேண்டும். பருத்தி இழைமேல் இயற்கையாகவே மெழுகும் பெக்டினும் படிந்திருக்கும். ஸ்கவரிங்கில் (இவற்றை நீக்கும் சலவை) இவை சரியாகப் போகவில்லை என்றால், மாங்கிளில் மூழ்கும் சில விநாடிகளில் கரைசல் நூலுக்குள் புகாது. ஃபினிஷிங்குக்கு (சாஃப்ட்னர் ஏற்றும் கட்டம்) முன் துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நன்றாக வெளுத்த துணியில் சொட்டு விழுந்ததுமே பரவி, பளபளப்பு மறைந்து, ஈரத் தடமாகிவிடும். மெழுகு மிச்சமிருந்தால் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். ஐந்து விநாடிக்குமேல் நின்றால் அந்த லாட்டை மாங்கிளுக்கு அனுப்பாதீர்கள். நடுவில் மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு ஓரத்திலும் விட்டுப் பாருங்கள்.

ஒரே லாட்டுக்குள் முன்பகுதி மெத்தென்றும் கடைசிப் பகுதி முரடாகவும் இருந்தால் காரணம் வேறு. தண்ணீரில் பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை உண்டு. கேட்டயானிக் சாஃப்ட்னருக்கு நேர்மின் தன்மை. அதனால் துணி தண்ணீரை இழுப்பதைவிட வேகமாகச் சாஃப்ட்னரை இழுத்துக்கொள்ளும். தொட்டியில் இருப்பது போகப் போக நீர்த்துவிடும். தொட்டி சின்னதாக இருக்கட்டும், அதில் குறையக் குறைய ஊற்றும் கரைசல் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். துணி ஈரத்தோடு உள்ளே போனாலும் தொட்டி நீர்த்துப்போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

அப்புறம், சலவையில் மிஞ்சிய சோப்பு. அது பெரும்பாலும் எதிர்மின் வகை. கேட்டயானிக் சாஃப்ட்னரோடு சேர்ந்தால் திரிந்து, துணியில் பிசுக்குப் புள்ளியாக உட்கார்ந்துவிடும். கடைசி அலசலில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் இன்னொரு முறை அலசிவிட்டுத்தான் ஃபினிஷிங்குக்கு எடுக்க வேண்டும்.